வெள்ளைக் காரும் என் கண்ணும்

காரா-புலாக் கிராமம்,
கோச்கோர் வட்டம்.

'பள்ளத்தாக்குச் செய்தி' வார இதழின் ஆசிரியர், மதிப்பிற்குரிய கெங்கேஷ் அவர்களுக்கு,

காரா-புலாக் பள்ளியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவனும், தங்களுக்கு ஒரு காலத்தில் நெம்புகோல் பாடம் எடுத்தவனும், மாம்பெத்தின் மகனுமாகிய சாபிர்தின் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும், ஆடு மாடு குதிரைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். முன்பெல்லாம் நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்துவிடும். இப்போது காரையும் சேர்த்து விசாரிக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்கிறார்கள், ஆகையால் தங்கள் காரும் சுகம்தானே என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, தங்கள் காரை நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை. போன வாரம் அது சந்தைக்கு நடுவில் நின்றுபோனதாகக் கேள்விப்பட்டேன். அன்று முழுக்க நான் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன், அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். இதை ஏன் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறேன் என்பது கடிதத்தைப் படித்தால் புரியும்.

தங்கள் இதழில் 'நம் பள்ளத்தாக்கில் சக்கரத்தின் கதை' என்ற கட்டுரையைப் படித்தேன். குதிரை ஏறிப் போன நாம் எப்படி லாரிக்கு வந்தோம், லாரியிலிருந்து எப்படிக் காருக்கு வந்தோம், இன்றைக்குக் கல்யாணம் கருமாதி, ஆஸ்பத்திரி, சந்தை எதுவானாலும் கார் இல்லாமல் எப்படி நகர முடிவதில்லை என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு வாக்கியம் வந்தது. 'நம் ஊருக்கு வந்த முதல் சொந்தக் கார் மேய்ப்பர் அசனாலியுடையது, இன்று ஊரின் மிகச் சிறந்த காரை வைத்திருப்பவரும் அவருடைய மகன் எசென்கெல்டியே.' பக்கத்தில் எசென்கெல்டி தன் வெள்ளைக் காரின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, காரை அவனே பெற்றெடுத்தவன் போல நிற்கிற படம். எசென்கெல்டி வேறு யாருமில்லை, என் சகலை. என் மனைவி ராக்கியாவின் தங்கையைக் கட்டியவன். எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைக்க வேண்டாம். நான் ஓய்வு பெற்றபோது தாங்கள் போட்ட படம் ஒரு பத்தி அகலம், இது இரண்டு பத்தி அகலம். அதைக்கூட அளந்து பார்த்தது ராக்கியாதான். நான் ஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

முதல் கார் விஷயத்துக்கு வருகிறேன். அசனாலியின் மந்தையில் ஒரு வருஷம் குட்டிகள் அமோகமாகப் பிழைத்ததற்காக அரசாங்கம் அவருக்கு ஒரு மாஸ்க்விச் காரைப் பரிசாகக் கொடுத்தது என்பது உண்மை. ஊரே திரண்டு போய் அதன் மேல் மிட்டாய் தூவியதும், குளிருமே என்று முன்பக்கத்தின் மேல் கம்பளியைப் போர்த்தியதும் உண்மை. அசனாலி ஏறி உட்கார்ந்தார், கால் இரண்டாலும் கதவை உதைத்தார், குதிரையை விரட்டுகிற குரலில் 'ச்சூ' என்றார். அது நகரவில்லை. அவருக்கு ஓட்டத் தெரியாது, கடைசிவரை தெரியவில்லை. ஓட்டியது யார்? கூட்டுப்பண்ணையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா மாம்பெத். அசனாலி கோடை முழுக்க மலைமேல் ஆட்டோடு இருப்பார், கீழே வந்தால் பண்ணைத் தலைவர் மாதிரி பின்சீட்டில் சாய்ந்துகொள்வார். நோயாளியைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது என் அப்பா. ஆசிரியைகளை அழைத்துவந்தது என் அப்பா. பனி கொட்டிய ஒரு நாள் உன் அம்மாவுக்கு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கு விரட்டியதும் என் அப்பாதான், பாதி வழியில் அந்தக் காரின் பின்சீட்டில்தான் நீ பிறந்தாய். மன்னிக்கவும், தாங்கள் பிறந்தீர்கள். அன்றைக்கு அசனாலி எங்கே இருந்தார்? பத்திரத்தில் பேர் இருப்பவனுடையதா கார், ஓட்டினவனுடையதா? ஆசிரியர் என்கிற முறையில் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அடுத்து அந்த வெள்ளைக் கார். ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்துப்போய்க் கழித்துக்கட்டியது. அதை இவன் புதுக் கார் என்கிறான். அந்த மாதிரிக் கார்களில் ஸ்டியரிங் வலது பக்கம் என்பது தங்களுக்குத் தெரியும். நாமோ சாலையின் வலது ஓரமாகப் போகிறவர்கள். அதனால் ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிற லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவன் எட்டிப் பார்த்து, எதிரே வண்டி வருகிறது, வரவில்லை என்று சொன்னால்தான் முந்திக்கொண்டு போக முடியும். அதாவது ஸ்டியரிங் எசென்கெல்டியிடம், கண் பக்கத்து சீட்டுக்காரனிடம். கார் வந்த நாளிலிருந்து அந்தக் கண் பெரும்பாலும் என் கண்தான். என் கண்ணை வைத்துத்தான் அவன் சந்தைக்குப் போனான், என் கண்ணை வைத்துத்தான் ஒவ்வொரு லாரியையும் முந்தினான். இதைத் தாங்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காரில் உட்காருகிற இடம் சூடாகிறது, கெங்கேஷ். தை மாதக் குளிரில் வெளியே குதிரை மூச்சு உறைகிறது, உள்ளே இவனுக்குக் கீழே இதமாக இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஒரு ஜப்பான்காரி பேசுவாள். என்ன சொல்கிறாள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, இவன் மட்டும் அவளுக்கு 'சரிம்மா' என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். நான் வைத்திருக்கிற பழைய நீல வண்டியில் பேசுகிறவள் ராக்கியா மட்டும்தான். அவள் சொல்வது ஒவ்வொன்றும் புரிகிறது, அதுதான் தொல்லை. என் வண்டியில் ஆடு ஏறும், கோதுமை மூட்டை ஏறும், பக்கத்து வீட்டுக்காரரின் கன்றுக்குட்டிகூட ஏறியிருக்கிறது. அவன் காரில் ஏறுவதற்கு முன்னால் பூட்ஸைத் தட்டச் சொல்கிறான். நானும் தட்டிவிட்டுத்தான் ஏறுகிறேன். வேறென்ன செய்வது, சீட்டு சூடாகிறதே.

கார் வந்த அன்று ஊரே பார்க்கப் போனது. புதுப் பொருளை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்பது நம் வழக்கம், நானும் ஒரு செம்மறிக்குட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் பார்த்தேன். சுற்றிவந்து பார்த்தேன், குனிந்து அடியில் பார்த்தேன், கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். கடைசியில் 'அருமையான வண்டி' என்று ஒரு வார்த்தை சொன்னேன். சொன்ன கையோடு 'தூ, தூ' என்று துப்ப மறந்துவிட்டேன். குழந்தையையோ குதிரையையோ புகழ்ந்திருந்தால் மறப்பேனா? காருக்கும் துப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் கார் கிளம்பவில்லை. விடிய விடிய சீட்டைச் சூடாக்கிக்கொண்டு அதிலேயே படுத்திருப்பான், பாட்டரி இறங்கியிருக்கும் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண் வைத்தவனுடைய துணியிலிருந்து ஒரு நூலை எடுத்து, மலைச்சவுக்குத் தழையோடு சேர்த்துக் கொளுத்திப் புகை போட்டால் கண் இறங்கிவிடும் என்று கொழுந்தியாள் ஓடி வந்தாள். என் மனைவி நேரே என் கோட்டின் ஓரத்தில் கையை வைத்தாள்.

"என் கோட்டுல எதுக்குடி நூல் உருவுற?" என்றேன்.

"சும்மா இருங்க. உங்க கண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றாள்.

புகை போட்டார்கள். கார் கிளம்பிவிட்டது. என் மானம் போன இடம் அதுதான். அன்றிலிருந்து இந்த ஊரில் யார் வண்டி நின்றாலும் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, வாத்தியார் இந்தப் பக்கம் வந்தாரா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மின்சாரம் பற்றி நான் பாடம் நடத்தியபோது பாதி வகுப்பு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடும். அதே பயல்கள் இப்போது வரிசையில் நின்று என் நூலைக் கேட்கிறார்கள். கோட்டின் ஓரம் போயிற்று, கைப்பட்டை போயிற்று, கல்பாக் தொப்பியின் குஞ்சமும் போயிற்று. குஞ்சமில்லாத தொப்பியோடு மாமனார் வீட்டு விருந்துக்குப் போனால், மூத்த மருமகனான எனக்கு மரியாதையாக வர வேண்டிய ஆட்டின் இடுப்பெலும்பு எசென்கெல்டியின் தட்டுக்குப் போகிறது. என்ன இது என்று கேட்டேன். அவன் அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்திருக்கிறான் என்றார் மாமனார். ஓட்டினது அவன், பார்த்துக்கொண்டு வந்தது யார்? எனக்குத் தோள்பட்டை எலும்பு வந்தது. தின்றேன்.

இதெல்லாம் போகட்டும், கெங்கேஷ். என் மகன் அதிலெத்தின் கல்யாணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன். ராக்கியாவை நான் அந்த நீல வண்டியில்தான் கட்டி அழைத்துவந்தேன். மருமகளும் அதில்தான் இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை. வண்டியைக் கழுவினேன், சீட்டுக்குப் புது உறை தைத்தேன். அதிலெத் வந்து கதவைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டிவிட்டு வெளியே எடுத்துக்கொண்டான்.

"அப்பா, ஆட்டு வாடை அடிக்குதுப்பா. சித்தப்பா கார்ல போறோமே" என்றான்.

எனக்கு வலித்தது. பெண் எடுக்கப் போகிற ஊர்வலத்தில் ரிப்பன் கட்டி முன்னால் போகப்போவது வெள்ளைக் கார், என் வண்டி விருந்துக்குப் பொரித்த போர்சோக் ரொட்டி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடைசியில் வரும் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா என்பதால் வெள்ளைக் காரில் முன்பக்கத்து இடது சீட்டு எனக்கு. ஆனால் கிளம்பினதிலிருந்து திரும்பி வருகிறவரை எந்தக் காரையும் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். என் கையில் ரொட்டியைக் கொடுத்துச் சத்தியம் வாங்கினாள் கொழுந்தியாள். செய்தேன். ரொட்டியின் மேல் செய்த சத்தியத்தை மீறுகிறவன் நான் இல்லை.

போகும்போது சாலை காலியாக இருந்தது, தொல்லை இல்லை. அதிலெத்தையும் பெண்ணையும் பெண்ணின் அத்தையையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, கணவாய் ஏற்றத்துக்கு வெகு தூரம் முன்னாலேயே ஒரு புல்லுக்கட்டு லாரி எங்கள் முன்னால் மாட்டிக்கொண்டது. மலை மாதிரி பாரம் ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் போகிறது. எசென்கெல்டி வழக்கம்போலத் தலையை என் பக்கம் சாய்த்தான்.

"சகலை, எதுத்தாப்புல ஏதாவது வருதா?"

"எனக்கெப்படித் தெரியும்? பார்க்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கீங்களே."

"காரைத்தானே பார்க்கக் கூடாதுன்னாங்க. ரோட்டப் பாரு."

"எதுத்தாப்புல வர்றதும் கார்தானேப்பா."

அவன் பல்லைக் கடித்தான். நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பின்சீட்டிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள், மணப்பெண்ணே எட்டிப் பார்த்தாள், அவர்களுக்குத் தெரிந்ததும் என் முதுகும் லாரியின் முதுகும்தான். ஒருமுறை இவனே துணிந்து முந்துவதற்கு வண்டியை வெளியே எடுத்தான், எதிரே வந்த குதிரைக்காரன் சாட்டையால் பானட்டில் ஒன்று வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு புல்லுக்கட்டின் பின்னாலேயே ஊர்ந்தோம். எங்கள் பின்னால் ஊர்வலம் முழுக்க ஊர்ந்தது. ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்கள். ஜன்னல் வழியாகப் புல் பறந்து வந்து மணப்பெண்ணின் முக்காட்டில் ஒட்டிக்கொண்டது. ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் வெள்ளைக் கார் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மெதுவாக ஏற ஏற இஞ்சின் கொதிக்கும். இது பௌதிகம். எல்லாரும் இறங்கி என்னைப் பார்த்தார்கள்.

நான் எதையும் பார்க்கவில்லை, ஆகாயத்தைத்தான் பார்த்தேன் என்றேன். உள்ளுக்குள் பார்த்திருப்பார் என்றாள் கொழுந்தியாள். ஊர்வலத்தின் கடைசியில் என் வண்டி இருக்கிறது, மூட்டைகளை இறக்கிவிட்டுப் பெண்ணை அதில் ஏற்றுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெண்ணின் அத்தை என் முன்னால் வந்து நின்றாள்.

"சம்பந்தி, ஒரு துப்பு துப்பினா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

முடியாது என்றேன். வாழ்நாள் முழுக்க வெப்பமும் அழுத்தமும் நடத்தியவன் நான், இஞ்சின் மேல் துப்புவதற்கு ஆள் நானில்லை என்றேன். அப்போது அதிலெத் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா. துப்பிடுங்கப்பா" என்றான்.

துப்பினேன். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று. இத்தனை வாக்குவாதம் நடந்த நேரத்தில் இஞ்சின் ஆறியிருந்தது, யார் துப்பினாலும் கிளம்பியிருக்கும், துப்பாவிட்டாலும் கிளம்பியிருக்கும். கிளம்பியது. எல்லாரும் கை தட்டினார்கள். புது மருமகள் தன் மாமனாரை முதன்முதலாக நன்றாகப் பார்த்த கோலம் அது. நான் அந்தக் காரில் ஏறவில்லை. கடைசி வண்டிக்குப் போய், போர்சோக் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அவமானமாக இருந்தது. வழியில் அழுகை வந்தது, புல்தூசு என்று சொல்லிவிட்டேன்.

இந்த நிலையில்தான் தங்கள் கட்டுரை வருகிறது, இரண்டு பத்தி அகலப் படத்தோடு. ஆகவே நம் ஊரின் முதல் காரை ஓட்டியவரும், அதனால் நியாயப்படி அதை வைத்திருந்தவரும் மாம்பெத்தே என்று அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டுகிறேன். அவருடைய மகனின் கண் மற்றவர்களின் கண்ணைப் போன்ற சாதாரணக் கண்தான் என்றும், அதற்குத் தூரப்பார்வைக் கண்ணாடி தேவை என்பதைத் தவிர வேறு குறை எதுவும் டாக்டருக்குத் தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொள்ளவும். இடமிருந்தால் என் நீல வண்டியின் படமும் போடலாம். அது ஒருநாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. ஏன் விடும்? இத்தனை வருஷத்தில் அதன் மேல் ஒருவனும் கண் வைத்ததில்லை, அதைப் பார்த்து ஒருவனும் பெருமூச்சு விட்டதில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லலாம், வருத்தமாகவும் சொல்லலாம். நான் வருத்தமாகத்தான் சொல்கிறேன்.

தங்கள் கொட்டில் நிறைந்திருக்கட்டும், தங்கள் பெட்ரோல் டாங்கி வறளாமல் இருக்கட்டும், இருட்டில் எதிரே வருகிறவர்கள் விளக்கைத் தணித்துக்கொண்டு போகட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
சாபிர்தின்

பின்குறிப்பு: தம்பி கெங்கேஷ், இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று இன்று காலை நீல வண்டியை எடுத்தேன். கிளம்பவில்லை. பாட்டரி பார்த்தேன், பெட்ரோல் பார்த்தேன், பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ராக்கியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று நான் வயலுக்குப் போயிருந்தபோது எசென்கெல்டி வந்தானாம், அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தானாம், உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். துப்பினானா என்று கேட்டேன். துப்பவில்லை என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டேன். உடனே எசென்கெல்டியைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன்.

வந்தான். நடந்தே வந்தான். காது இரண்டும் சிவந்திருந்தது. வேலியோரம் பாதி ஊர் நின்றது.

"பார்த்தியா சகலை?" என்றேன்.

"பார்த்தேன்தான். இதுல ஸ்டியரிங் இடது பக்கம், யாரையும் கேக்காம நீயே பார்த்து நீயே ஓட்டிக்கிறே" என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அந்த மாஸ்க்விச் கார் எங்க அப்பாவோடது. எங்கள எல்லாம் பின்னாடி அடைச்சு வச்சாங்க. நீ மட்டும் ரேடியேட்டருக்கு ஊத்துற தண்ணி கேனை மடியில வச்சுக்கிட்டு உங்கப்பா பக்கத்துல முன் சீட்டுல உட்கார்ந்து வருவே. அன்னிக்குப் பிடிச்ச எரிச்சல் சகலை, இன்னும் அணையல."

சொல்லிவிட்டு இடது பக்கம், வலது பக்கம், நடுவில் என்று ஒழுங்காகத் துப்பினான். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. இதற்கும் பௌதிகத்தில் காரணம் இருக்கும். நான் தேடப்போவதில்லை.

ஆகவே மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். முதல் கார் அசனாலியுடையதுதான், அவர் பேரிலேயே இருக்கட்டும். அதன் முன் சீட்டில் சாபிர்தின் உட்கார்ந்து வருவான் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், படம்கூட வேண்டாம். கடிதத்தைக் கொடுக்க இப்போது கிளம்புகிறேன். எசென்கெல்டியும் கூட வருகிறான். அவனை முன் சீட்டில் உட்காரவைத்து, மடியில் தண்ணீர் கேனையும் கொடுத்திருக்கிறேன். வண்டியை நன்றாகப் பார்த்துக்கொண்டே வா என்று சொல்லியிருக்கிறேன்.